ஆசிரியன் பெறும் பேறு

உலகில் மக்கள் மேற்கொள்ளும் தொழில்களுட் பெரும்பாலனவற்றின் பயன், அத்தொழில் புரிவோன் கண்முன்னரே தோன்றி அவனுக்கு நிறைவளிப்பதாகும். உழவன் தான் வித்திய நெல்லைத் தானே அறுத்துக் களத்திற் குவிக்கின்றான். தச்சன் தான் இழைத்த தேர் திருவீதியில் உருண்டோடக் காண்கின்றான். மருத்துவன் தான் மருந்தளித்த நோயாளன் எழுந்து நடக்கக் கண்டு மகிழ்கின்றான். ஆசிரியத் தொழிலோ இவற்றின் வேறாயது. ஆசிரியன் இன்று விதைக்கும் வித்து இருபது, முப்பது ஆண்டு கழித்து, அவன் அறியாத ஓரூரில், அவன் காணாத ஒரு காலத்தில் முளைப்பினும் முளைக்கும், முளையாதொழியினும் ஒழியும். முளைத்த ஞான்றும், இது இன்னான் இட்ட வித்து என்று கூறுவார் அரியர்.

ஆதலின் இத்தொழிலில் ஆயுள் முழுதும் கழித்தார்க்கு, ஓய்வுபெற்ற பின்னர் ஒரு வினா எழுதல் இயல்பே. திருவண்ணாமலையில் மாலைப் பொழுதில் மாடவீதிகளை வலம்வரும் முதியோருள், முப்பதாண்டிற்கு மேலாகப் பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியும் கையுமாய் நின்றவர் எப்பொழுதும் உளர். அவர்பாற் பயின்ற ஒருவன் பெரிய உத்தியோகத்தனாய் வந்து பலர் காணப் பணிந்து செல்வான். பிறிதொருவன் எதிரே வந்தும் முகமறியாது போவான். முன்னவனாற் பூரித்த நெஞ்சு பின்னவனாற் சுருங்கும். வீடு திரும்பியபின், 'இத்துணைக் காலம் உழைத்துப் பெற்றது யாது?' என்னும் எண்ணம் உறக்கத்தைக் கெடுக்கும். இவ்வெண்ணம் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியத் தொழிலில் உண்மையாய் உழைத்தார் எல்லார்க்கும் பொதுவாயது. ஆகவே, ஆசிரியன் பெறும் பேறு யாது என்பது ஈண்டுச் சைவ சித்தாந்த நெறிபற்றி ஆராயப்படும்.

உலகத்தார் இதற்குக் கூறும் விடைகள் மூன்றாய் அடங்கும். பொருள் என்பது ஒன்று. புகழ் என்பது ஒன்று. மாணாக்கரது உயர்வு என்பது மற்றொன்று. இவற்றை முறையே நோக்குக.

பொருளால் ஆசிரியன் நிறைவெய்துவான் என்பது இந்நாட்டு வரலாற்றிற்கு ஒத்ததன்று. சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு தொடங்கி மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுப்பித்தார். 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, அக்காலத்து 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். இவை பெரும்பாலும் திண்ணைகளிலும் மரநிழல்களிலும் மணலிற் கைவிரல் தேய எழுதிப் பயின்ற பள்ளிகளே. அப்பள்ளிகளின் ஆசிரியர் திங்களொன்றுக்கு ஆறேழு ரூபாய்க்குமேற் பெறவில்லை என்றும், தக்கார் இத்தொழிலை நாடுவதற்கு அவ்வருவாய் போதாது என்றும் மன்றோவே எழுதினார். அங்ஙனமாகவும், அத்துணைப் பள்ளிகள் ஒழியாது நடந்தன. பொருளே அவ்வாசிரியரை நிறுத்திற்றாயின் திண்ணைகள் என்றோ வெறுமையுற்றிருக்கும்.

அற்றேல், ஊதியம் பெறுதல் ஆசிரியற்கு இழுக்காமோ எனின், ஆகாது என்க. உடம்பு சோற்றாலன்றி நில்லாது. மனைவி மக்களைக் காத்தல் இல்வாழ்வானுக்கு அறம். ஊதியத்தைக் கூட்டித் தருக என வேண்டுதலும் குற்றமன்று. உழைப்பானுக்கு உரியதை மறுப்பதே குற்றம். ஆயின், உடம்பை நிறுத்துவது வேறு, உள்ளத்தை நிறைப்பது வேறு. அரிசி விலையைக் கொண்டு அன்னமிட்டாள் அன்பை அளத்தல் கூடாதவாறுபோல, ஊதியத்தைக் கொண்டு கற்பித்தலின் பயனை அளத்தல் கூடாது.

இதற்குத் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் வரலாறு சான்றாகும். பதினேழாம் நூற்றாண்டினராகிய அப்புலவர்பெருமான், திருவண்ணாமலையில் கிரிவலம் வருங்காற் சோணசைலமாலை பாடியவர். பின்னர் அவர் இலக்கணம் கற்கத் தென்றிசை சென்று, திருநெல்வேலியைச் சார்ந்த சிந்துபூந்துறையில் இருந்த வெள்ளியம்பலவாண சுவாமிகளை அடைந்தார். சின்னாளிற் பாடம் முடிந்ததும், தம்பால் இருந்த முந்நூறு பொன்னைக் குருதட்சிணையாக வைத்து வணங்கினார். ஆசிரியர் அப்பொன்னை ஏலாது, திருச்செந்தூரில் தம்மை இகழ்ந்துவரும் புலவன் ஒருவனைத் தமிழால் வென்று வருதலே தாம் விரும்பும் காணிக்கை என்றார். இதழ் குவியும் எழுத்து வாராத நிரோட்டக யமக அந்தாதி அதன்பொருட்டுப் பிறந்தது என்று வரலாறு கூறும். முந்நூறு பொன் அக்காலத்து ஒரு குடும்பம் பன்னாள் இனிது வாழ்தற்குப் போதும். அதனை வேண்டாமை பெருமையே. எனினும், அங்கும் ஆசிரியர் நெஞ்சில் தம்மை இகழ்ந்தானை வெல்ல வேண்டும் என்னும் ஓர் ஆசை எஞ்சி நின்றமை நுணுகி நோக்குவார்க்குப் புலனாம். பொன்னாசை அற்றாரிடத்தும் புகழாசை அறுதல் எளிதன்று.

இனி, புகழும் மாணாக்கரது உயர்வும் தம்முள் மிக நெருங்கியன. 'என் மாணாக்கன் நீதிபதி, என் மாணாக்கன் மருத்துவன், என் மாணாக்கன் கடல்கடந்து வாழ்கின்றான்' என்று கூறி உவத்தல் ஆசிரியர்க்கு இயல்பு. இவ்வுவகை பொருளாசையினும் தூயதே. ஆயினும், 'என்' என்னும் அச்சொல்லினுள் ஒளிந்து நிற்பது யாது என்று பார்த்தல் வேண்டும். உயர்ந்தவனை 'என் மாணாக்கன்' என்பவர், சிறைபுக்கவனை அவ்வாறு கூறுவரோ? குடியாற் கெட்டவனை, பெற்றோரைத் துறந்தவனை, படிப்பைப் பாதியில் விட்டுச் சுமை தூக்குபவனை, 'என் மாணாக்கன்' என்று அவையிற் சொல்லுவரோ? வெற்றி தனது எனக் கொள்வான், தோல்வியையும் தனது எனக் கொள்ளக் கடவன். உண்மையுள்ள ஆசிரியர் அங்ஙனமே கொள்கின்றனர். நாற்பதாண்டிற் கற்பித்த ஆயிரவரை மறந்தும், தம்மாற் கரையேற்ற முடியாது போன ஒருவனை மறவாது உள்ளே வைத்து வருந்துவார் பலர். அன்று ஒரு சொல்லைக் கடுமையின்றிச் சொல்லியிருப்பின் அவன் நின்றிருப்பானோ என்று எண்ணி ஏங்குவர். மாணாக்கரது உயர்வே பேறு எனின், அவ்வொருவனால் அவர் வாழ்வு முழுதும் தோல்வியாய் முடியும். அது நீதியாமோ?

இம்முடிச்சை அவிழ்ப்பது சித்தாந்தம். உயிர் அறிவுடைப் பொருள். ஆயினும் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது. அநாதியே ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடப்பது. அம்மலம் பரிபாகமுறுங் காலமும், சத்திநிபாதம் நிகழும் காலமும் உயிர்தோறும் வேறு. அவை திருவருளின்பாற் பட்டனவேயன்றி எவ்வாசிரியனது கையிலும் இல்லை. கதிரவன் எழுந்த பொழுதிலே குளத்துத் தாமரையுள் ஒன்று மலரும், ஒன்று மலரும் பருவத்ததாய் நிற்கும், ஒன்று அரும்பாகவே கூம்பியிருக்கும். மலர்ந்ததனால் கதிரவனுக்கு ஏற்றமும் இல்லை. கூம்பியதனால் இழிவும் இல்லை. இவ்வுவமை இறைவன் சந்நிதியின் இயல்பை விளக்கச் சித்தாந்த ஆசிரியர் வழங்குவது. உலகியல் ஆசிரியனும் தன் அளவில் இதனைப் பொருத்திக் கொள்ளத்தக்கான்.

அன்றியும், அறிவிக்க அறிவது என்னும் இலக்கணம் மாணாக்கன் உயிர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியன் உயிர்க்கும் அதுவே. அவன் இன்று கற்பிப்பது ஒருநாள் அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. அவனுக்குக் கற்பித்தானும் பிறனிடத்துப் பெற்றான். இவ்வாறு மேன்மேற் சென்றால், அறிவித்தலுக்கு உரிமையுடைய முதலாசிரியன் கல்லாலின்கீழ் இருந்த தென்முகக் கடவுள் ஒருவனே என்பது பெறப்படும். இடையில் நின்றார் அனைவரும் வாய்க்கால்கள். வாய்க்கால் தன்வழி ஓடிய நீரைத் தனது என்னுமாயின் அது நகைப்பிற்கு இடனாம். நீர் சென்று பாய்ந்த வயலிற் பதர் விளைந்ததாயின், அதற்கு வாய்க்கால் அழுது மாய்தலும் வேண்டா.

அற்றேல், விளைவு ஆசிரியன் கையில் இல்லையாயின், அவன் வருந்தி உழைத்தல் எற்றுக்கு? வருகின்றவன் வருக, கெடுகின்றவன் கெடுக என்று வாளா இருத்தல் அமையாதோ எனின், அமையாது. மேற்கூறிய உண்மையைச் சோம்பற்குத் துணையாகக் கொள்வார் அதனை அறிந்தாரல்லர். விளைவு திருவருளின்பாற்பட்டது, வாய்க்காலைத் தூர்த்துப் போகாமற் காத்தல் ஆசிரியன்பாற்பட்டது. ஓடாத வாய்க்காலுக்கு, வயல் விளையாமைக்குக் காரணம் பரிபாகமின்மை என்று கூறும் உரிமை இல்லை.

அவ்வுழைப்பு எத்தன்மைத்தாதல் வேண்டும் என்பதற்கும் சித்தாந்தமே வழிகாட்டும். இறைவன் உயிர்க்குச் செய்யும் உதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என ஆன்றோர் இரண்டாக வகுத்தனர். கண்ணுக்கு உயிர் பொருளைக் காட்டுவது மட்டுமன்றி, கண்ணோடு உடன் நின்று தானும் காண்கின்றது. காணாதாயின் கண் விழித்திருந்தும் காணாது. அதுபோல இறைவன் உயிரோடு உடனாய் நின்று காண்கின்றான். பள்ளிக்கூடத்தில் காட்டும் உதவியைச் செய்வார் பலர். காணும் உதவியைச் செய்வார் சிலர். கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் எளிது. கடைசி வரிசையில் இருக்கும் சிறுவனது இருக்கைக்குத் தன் மனத்தால் இறங்கிச் சென்று, அவன் கண்ணால் அக்கணக்கைப் பார்த்து, எவ்விடத்தில் அவனுக்கு இருள்கின்றது என்று அறிதல் அரிது. ஈண்டே அன்பு என்பது ஆசிரியனுக்குக் கருவியாகின்றது. அன்பில்லாதான் காட்டுவான், உடன் காணமாட்டான்.

நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமை கூறினார். நால்வகையுள்ளும் மலை என்பது அண்ணாமலையில் வாழ்வார்க்கு விளக்கம் வேண்டாதது. அளக்கலாகாமையும் அசையாமையும் மட்டுமன்றி, மழை பெய்யாத காலத்தும் சுனையாய் ஊறி உதவுதலும் மலையின் இயல்பு. மாணாக்கன்பால் ஆர்வமென்னும் மழை இல்லாத நாளிலும் ஆசிரியன்பால் ஊற்று வற்றுதல் கூடாது என்பது கருத்து.

இவ்வியல்பு வாய்ந்தாருள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) ஒருவர். திண்ணைப்பள்ளி ஆசிரியரின் மைந்தராய்ப் பிறந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய அவர், கற்க வந்தாரைச் சாதியும் சமயமும் பாராது ஏற்றார். கிறித்தவரும் முகம்மதியரும் அவரிடம் தமிழ் கற்றனர். 1871-ஆம் ஆண்டில் அவரை அடைந்த உ. வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றால், அவருக்குக் கடனும் வறுமையும் இறுதிவரை நீங்காதிருந்தமை தெரிகின்றது. அவர் உயிர் பிரியும் தறுவாயில், கிறித்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை பின்னிருந்து தாங்க, அந்தண மாணாக்கராகிய சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப் பத்தினை ஓத, அதனைக் கேட்டவாறே சிவபதம் அடைந்தார். அவர்தம் மாணாக்கருள் மூத்தவராகிய தியாகராச செட்டியார், 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியினின்றும் விலகியபொழுது, அவ்விடத்திற் சாமிநாதையரை அமர்த்துவித்தார். பிற்காலத்தில் ஐயர் பதிப்பித்த பழந்தமிழ் நூல்களுள் ஒன்றையேனும் பிள்ளையவர்கள் கண்ணாற் கண்டிலர். காணாமையால் அவர் பேறு குறைந்ததோ? இல்லை. கற்பித்த ஒவ்வொரு நாளிலும் அது நிறைந்தே இருந்தது.

இனி ஒரு தடை. 'ஞானாசிரியர்க்கு இவையெல்லாம் பொருந்தும். எண்ணும் எழுத்தும் பூகோளமும் கற்பிக்கும் பள்ளியாசிரியன் சிவஞானத்தையா கற்பிக்கின்றான்? உலகியற் கல்வி பாசஞானமன்றோ?' என்பர் சிலர். அவர் கூற்று முழுதும் மறுக்கப்படுவதன்று. பள்ளிக் கல்வி வீட்டைத் தருவதன்று என்பது உண்மை. ஆயினும், கேவலத்தில் ஒன்றும் அறியாது கிடந்த உயிரை, சகலத்திற் கலை முதலிய தத்துவங்களோடு கூட்டிச் சிற்றறிவு விளங்கச் செய்தலும் திருவருளின் தொழிலே. இரவில் ஏற்றிய விளக்குக் கதிரவன் ஆகாது. எனினும், விடியுங்காறும் வழி காட்டுவது அதுவே. எழுத்தறியாச் சிறுவன் நாளை திருமுறையை ஓதுவது யாங்ஙனம்? நாவலர் பெருமான் (1822–1879) இதனை நன்குணர்ந்தார். வெஸ்லியன் பள்ளியில் தாம் பெற்றுவந்த ஊதியத்தை விடுத்து, 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864-ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் அப்பெயரால் ஒன்று தொடங்கினார். பெரியபுராணத்திற்கு வசனம் எழுதிய அக்கை, சிறுவர்க்குப் பாலபாடம் எழுதுதலையும் இழிவென்று எண்ணவில்லை. அரிச்சுவடி கற்பித்தலும் சிவத்தொண்டாம் என்பதற்கு அவர் வாழ்வினும் சிறந்த சான்று வேண்டா.

அங்ஙனமாயின், ஆசிரியன் பெறும் பேறு என முடிந்த முடிபாகக் கூறத்தக்கது யாது? அதனை அண்ணாமலைச் சாரலிற் குகையில் வாழ்ந்த குகை நமசிவாயர் வரலாறு உணர்த்தும். அவரிடம் தொண்டுபூண்ட மாணாக்கர் குரு நமசிவாயர். மாணாக்கரது அன்பையும் அறிவையும் ஆசிரியர் பலவாறு சோதித்தார். ஒருநாள் ஆசிரியர் வெண்பா ஒன்றின் முற்பகுதியைப் பாடி நிறுத்த, மாணாக்கர் பிற்பகுதியைப் பாடி முடித்தார். மாணாக்கர் தமக்கு நிகராய் முதிர்ந்தமை கண்ட ஆசிரியர், ஒரு கம்பத்தில் இரண்டு யானைகளைக் கட்டலாகாது என்று கூறி, அவரைத் தில்லைக்குச் செல்லப் பணித்தார். அண்ணாமலை வெண்பாப் பாடிய குரு நமசிவாயர், தில்லையில் தங்கித் திருப்பணி பல புரிந்தார் என்ப.

இவ்வரலாற்றில் உற்று நோக்கத்தக்கது, மாணாக்கர் நிகரானமை அன்று. ஆசிரியர் அவரைப் போகவிட்டமை. முதுமையிற் கோல்போல் உதவியிருப்பார். தம் பெயரை அருகிலிருந்து பரப்பியிருப்பார். அவரைத் தம்பால் நிறுத்திக்கொள்ளக் காரணம் பல இருந்தும், நிறுத்தவில்லை. தன்னைவிட்டு நீங்குமாறு ஒருவனை ஆக்குதலே கற்பித்தல். தன்னைச் சார்ந்தே நிற்குமாறு ஆக்குதல் அடிமைகொள்ளுதல்.

இதற்கு அடுத்தபடியாக எண்ணத்தக்கவர், அதே நடுநாட்டில் திருத்துறையூரில் வாழ்ந்த சகலாகம பண்டிதர். ஆகமங்கள் அனைத்தும் வல்லவராய், பலர்க்கு ஆசிரியராய் வீற்றிருந்த அவர், திருவெண்ணெய்நல்லூரில் இளையராகிய மெய்கண்ட தேவர் ஞானம் கற்பிக்கக் கேட்டு அங்குச் சென்று, ஆணவமலத்தின் இயல்பு யாதென வினாவினார். மெய்கண்டார் விடையாக அவரையே நோக்கினார். அந்நோக்கில் தம்மை உணர்ந்த முதியவர் அவ்விளைஞர் திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியர் என்னும் பெயர் பெற்று, நாற்பத்தொன்பதின்மர் மாணாக்கருள் தலைவராயினார். சிவஞான சித்தியார் அவர் வாயிலாகத் தோன்றிற்று. ஆசிரியராயிருந்த காலத்து அவர் பெறாத பேற்றை மாணாக்கராகிய அன்றே பெற்றார். 'யான் கற்பிக்கின்றேன்' என்னும் முனைப்பே பள்ளியிலும் மடத்திலும் ஒப்ப மறைந்து வாழும் ஆணவம். அது தேய்தற்கு ஆசிரியத் தொழிலினும் ஏற்ற களம் இல்லை. அது வளர்தற்கும் அதனினும் ஏற்ற களம் இல்லை.

எனவே, ஆசிரியன் பெறும் பேறு மாணாக்கனிடத்து உள்ளதன்று; ஆசிரியனிடத்தே உள்ளது. நாள்தோறும் கற்பிக்குமுகத்தால் தான் கற்று, உடன் காணுமுகத்தால் அன்பு முதிர்ந்து, போகவிடுமுகத்தால் யான் எனது என்பன தேய்ந்து நிற்றலே அது. மாணாக்கன் உயரினும் இது குறையாது. தாழினும் இதனை எவரும் பறித்தல் இயலாது. முற்கூறிய, கரையேறாத ஒருவனை நினைந்து வருந்தும் ஆசிரியர்க்கும் இங்கு ஆறுதல் உண்டு. அவ்வருத்தம் தோல்வியின் அடையாளமன்று. உடன் கண்ட அன்பின் எச்சம். அதனைத் தம்மேற் பழியாகச் சுமவாது, அவனைத் திருவருளிடத்து ஒப்புவித்தலே அவர் செய்யத்தக்கது. அரும்பும் குளத்திலேதான் உள்ளது. நாளையும் கதிரவன் எழுவான்.

கார்த்திகைத் தீபத் திருநாளில் அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் சோதியைப் பல கல் தொலைவிலிருந்தும் மக்கள் கண்டு கைகுவிக்கின்றனர். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் அதற்குரிய திரியும் செங்குத்தான பாறை வழியே மக்கள் தோளிலும் தலையிலும் ஏறிச் சென்றனவே. சுமந்து ஏறியவர் பெயரைக் கீழே நின்று தொழுவாருள் ஒருவரும் வினவுவதில்லை. சுமந்தவரும் வினவுவார் என்று எதிர்பார்ப்பதில்லை. இருட்டியபின் இறங்கிவருங்கால், அவரும் திரும்பி நின்று ஏனையோர்போலவே அச்சோதியைத் தொழுகின்றனர். அந்நிலையில் நிற்கும் ஆசிரியன் குறைவிலா நிறைவு பெற்றவன்.

திருச்சிற்றம்பலம்.